இடது விரலில் ஒரு பிரேக்: குமரி இறக்கங்களும் பேடில் ஷிஃப்டரும்

ஆட்டோமேட்டிக் கார் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும், பேடில் ஷிஃப்டர் என்கிற, கியர் மாற்றும் அந்த இரண்டு பட்டைகளை வேகத்தோடு சேர்த்துத்தான் காட்டுவார்கள். விரல் வலது பட்டையைத் தட்டும், மீட்டர் முள் துள்ளும், கார் வளைவைச் சீவிக்கொண்டு போகும். ஷோரூமில் விற்கிற பையனும் 'ஸ்போர்ட்டியா இருக்கும் சார்' என்பதோடு நிறுத்திக்கொள்வான். வாங்கியவர் முதல் வாரம் காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் நாலு தட்டு தட்டிப் பார்ப்பார். அதோடு சரி. பிறகு அந்தப் பட்டைகள் ஞாபகத்துக்கு வருவது காரைத் துடைக்கும்போதுதான்.

குமரி மாவட்டத்தில் ஓட்டுகிறவர்கள் அதை இப்படி விட்டுவிடுவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. கியரை ஏற்றும், கூட்டல் குறி போட்ட வலது பட்டைக்கு இங்கே பெரிய வேலை கிடையாது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரை மிதிக்க இடம் கிடைப்பதே அபூர்வமான மாவட்டம் இது. கியரைக் குறைக்கும், கழித்தல் குறி போட்ட இடது பட்டைதான் நமக்கு உதவும். இன்ஜினையே பிரேக்காக்கித் தருவது அது.

முதலில் ரோட்டைப் பார்ப்போம். ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை, நாகர்கோவில், சுசீந்திரம் என்று நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் ஓடும்வரை நிலம் பெரும்பாலும் மட்டம். அங்கே காற்றுதான் வண்டியைப் பிடித்துத் தள்ளும், இறக்கம் தள்ளாது. பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டி மேற்கே போனால் நிலமே வேறு. சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சுவாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று போகும் ரோடு ஒரு மேட்டில் ஏறும், ஒரு ஏலாவில், அதாவது பள்ளத்து வயலில், இறங்கும், ஓடையையோ பாசனச் சானலையோ கடக்கும், மறுபடி ஏறும். உள்ரோடுகளில் இது இன்னும் அதிகம். அருமனை, களியல், கடையாலுமூடு, பத்துகாணி, ஆறுகாணி பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை வண்டி அகலத்தில் ஒரு இறக்கம் வரும். அடியில் ஒரு சின்னப் பாலம், பாலத்தைத் தாண்டியதும் எதிரே வருவது தெரியாத வளைவு, அந்த வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி.

இப்படிப்பட்ட ரோட்டில் கால் எங்கே இருக்கும்? பிரேக்கில்தான். ஒவ்வொரு இறக்கத்தையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நூறு மீட்டர், முந்நூறு மீட்டர். கொண்டை ஊசி வளைவுக்கு எண் போட்ட மஞ்சள் பலகை இல்லாததால் மலைச்சாலையில் ஓட்டுகிறோம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது 'கியரில் இறங்கு' என்று அறிவுரை சொல்லும் அதே ஆள், தன் வீட்டுக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவார்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கியரில் இருக்கும் வண்டியில் சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியில் ஒரு கதவு உண்டு. கால் எடுத்ததும் அது ஏறக்குறைய மூடிவிடும். மூடிய கதவுக்கு எதிராக பிஸ்டன்கள் காற்றை இழுக்க முயலும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த இழுப்புக்குச் சக்தி வேண்டும். அதோடு பிஸ்டன் வளையங்கள், பேரிங்குகள், ஆயில் பம்ப் எல்லாவற்றின் உராய்வும் சேரும். இந்தச் சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால்தான் வேகம் குறைகிறது. கியர் எவ்வளவு தாழ்வோ, அதே வேகத்துக்கு இன்ஜின் அத்தனை அதிகம் சுற்ற வேண்டும். பிடிமானமும் அத்தனை அதிகம்.

டீசல் இன்ஜினில் அந்தக் காற்றுக் கதவு வழக்கமாக இப்படி மூடிப் பிடிப்பதில்லை. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுவதால் எடுத்த சக்தியில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடுகிறது. அதிகமான அழுத்த விகிதமும் உராய்வும் ஓரளவு ஈடு செய்தாலும் கனரக வண்டிகளுக்கு அது போதாது. பஸ்களிலும் லாரிகளிலும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று வைப்பது இதற்காகத்தான்: புகை வெளியேறும் குழாயை ஒரு வால்வால் அடைத்து, பிஸ்டன்களை அந்த அடைப்புக்கு எதிராகத் தள்ள வைப்பது. பேச்சிப்பாறையிலிருந்து குற்றியாறு, மோதிரமலை வழியாக கோதையாறு போகும் ரோட்டில் பஸ் டிரைவர்கள் தாழ்ந்த கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு அடுத்த கட்டமும் ஒன்று உண்டு. 1931-ல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கும்போது பிரேக் கைவிட்டு, மயிரிழையில் தப்பினார் கமின்ஸ் இன்ஜின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெசி கமின்ஸ். அழுத்திய காற்றை பிஸ்டனைத் தள்ள விடாமல் அந்த நொடியிலேயே வெளியேற்றிவிடும் பிரேக்கை அவர் பின்னாளில் வடிவமைத்தார். 1961-ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய லாரிகளில் 'ஜேக் பிரேக்' என்ற பெயரில் இன்றும் அது ஓடுகிறது.

பேடில் ஷிஃப்டரின் பிறப்பு பந்தயத் தடத்தில். 1989-ல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் காரில் ஜான் பர்னார்ட் இதை வைத்தார். அந்தக் கார் தன் முதல் போட்டியையே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஓட்டி வென்றது. சாலைக் கார்களுக்கு வந்தது தொண்ணூறுகளில். நம் ஊரில் ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் முதலில் பார்த்தோம். இப்போது பிரெஸ்ஸா, எர்டிகா, ஃப்ராங்ஸ், கிரெட்டா, எக்ஸ்டர் என்று குடும்பக் கார்களிலேயே வந்துவிட்டது. பந்தயத்தில் பிறந்ததால்தான் இன்னமும் வேகத்தின் முகமூடியோடு திரிகிறது போலும்.

இனி நியூட்ரல் விஷயம். குமரியில் கார், ஜீப், ஆட்டோ என்று எது ஓட்டுகிறவரிடமும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது 'இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்' என்பார்கள். இது வெறும் மூடநம்பிக்கை இல்லை, ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அம்பாசடர், பிரிமியர் பத்மினி காலத்து கார்புரேட்டரில் இன்ஜின் வேகமாகச் சுற்றினால் கால் எடுத்திருந்தாலும் பெட்ரோல் உறிஞ்சப்படும். நியூட்ரலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், செலவும் குறையும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசான்மார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. வண்டி மாறியது, பாடம் மாறவில்லை.

இன்ஜெக்‌ஷன் காரில் கியரில் இருந்தபடி காலை முழுக்க எடுத்தால், இன்ஜின் சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பையே நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் அது அணையாது. சுற்று நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சமாக இறங்கும்போதுதான் தெளிப்பு திரும்பத் தொடங்கும். அதே இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் இன்ஜின் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கப் பெட்ரோல் வேண்டும். சிறிய காருக்கே மணிக்கு அரை லிட்டருக்கு முன்பின், ஏசி ஓடினால் அதற்கு மேல். உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் உள்ள கார் என்றால் இதை நீங்களே பார்க்கலாம்: கியரில் இறங்கும்போது மீட்டரின் கோடு கடைசி எல்லைவரை போய் நிற்கும், நியூட்ரலில் அதற்குக் கீழே ஆடும்.

நேர்மையாகச் சொன்னால் இதற்கு ஒரு விலக்கும் உண்டு. மிக மெல்லிய, நீண்ட, ஆளில்லாத சரிவில் நியூட்ரல் போட்ட வண்டி அதிக தூரம் உருண்டு போகும். கியரில் இருப்பது சீக்கிரம் வேகம் இழந்து மறுபடி ஆக்சிலரேட்டர் கேட்கும். அந்தக் கணக்கில் சில துளிகள் மிச்சமாகலாம். ஆனால் நம் மாவட்டத்தில் அப்படியொரு ஆளில்லாத நீண்ட சரிவை எங்கே கண்டுபிடிப்பது? இங்கே ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் எப்படியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைக்கத்தான் போகிறோம் என்றால் பெட்ரோல் செலவில்லாமல் குறைக்கும் வழிதான் லாபம். ஆட்டோமேட்டிக்கில் ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளி, பிறகு டி-யில் (வழக்கமாக ஓட்டும் டிரைவ் நிலையில்) போடுவது கியர்பாக்ஸின் கிளட்சுகளுக்கும் தேய்மானம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற வீரர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும், சாவியை எடுத்தால் பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆட்டோமேட்டிக் காரின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் இடது பட்டையின் அருமை புரியும். டி-யில் விட்டுக் காலை எடுத்தால், ஓட்டுகிறவருக்குச் சக்தி வேண்டாம் என்று கியர்பாக்ஸ் முடிவு செய்யும். மைலேஜுக்காக மேல் கியருக்குப் போகும். சமதளத்தில் இது சரியான முடிவு. இறக்கத்தில் இதுவே தலைகீழ்: பிடிமானம் தேவைப்படும் நேரத்தில் கியர் ஏறி, இன்ஜின் சுற்று குறைந்து, வண்டி தளர்ந்து ஓடும். சில கார்களில் சரிவைக் கண்டுணர்ந்து கியரைப் பிடித்துவைக்கும் மூளை இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு அப்பால் வளைவு இருப்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஆறு கியர் உள்ள காரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் டி-யில் போனால் நான்கிலோ ஐந்திலோ, 1,300 முதல் 1,500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தில் இருக்கும்போது இடது பட்டையை ஒருமுறை இழுத்தால் சின்ன மாற்றம், இரண்டாவது முறை இழுத்ததும் மூன்றாம் கியர், சுற்று இரண்டாயிரத்துக்கு மேல் ஏறும், வண்டி உள்ளிழுத்துப் பிடிப்பது முதுகில் தெரியும். மூன்றாவது இழுப்பில் இரண்டாம் கியர், சத்தம் கூடும். காருக்குக் கார் எண்கள் மாறும். சுற்று மூவாயிரத்தைத் தொட்டதும் பயந்துவிடுகிறவர்கள் பலர். ஐந்தாயிரம், ஆறாயிரம் சுற்றுவரை தாங்கச் செய்த இன்ஜின் அது. எரிபொருளே எரியாத நிலையில் மூவாயிரம் சுற்று அதற்கு ஒரு சுமையே இல்லை. மிதமிஞ்சித் தாழ்ந்த கியரைக் கேட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும், மீட்டரில் ஒரு பீப் சத்தத்தோடு. இந்த ஒரு விஷயத்தில் மேனுவல் காரைவிட இது பத்திரம்: மேனுவலில் மூன்றுக்குப் பதில் ஒன்றுக்குத் தவறித் தள்ளினால் தடுக்க யாரும் இல்லை.

டி-யில் இருந்தபடியே பட்டையை இழுத்தால் பெரும்பாலான கார்கள் அதைத் தற்காலிக உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்தோ, ஆக்சிலரேட்டரைத் தொட்டதுமோ தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டுக் குட்டி இறக்கங்களுக்கு இதுவே போதும், சொல்லப்போனால் இதுதான் வசதி. நீண்ட மலை இறக்கம் என்றால் லீவரை எம்-க்கோ (மேனுவல்) எஸ்-க்கோ (ஸ்போர்ட்) தள்ளிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும். இல்லையேல் பாதி இறக்கத்தில், வளைவின் நடுவே, கார் தானே கியரை ஏற்றிவிடும்.

எந்த கியர்பாக்ஸ் என்பதும் முக்கியம். திரவத்தின் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதில் மாற்றம் வழவழப்பாக இருக்கும். இரட்டை கிளட்ச் உள்ள டிசிடி-யில் மாற்றம் சுருக்கென்று இருக்கும், பிடிமானமும் நேரடியாகத் தெரியும். சிவிடி-யில் உண்மையில் கியர்களே கிடையாது. பட்டையை இழுக்கும்போது செயற்கையாகப் பிரித்துவைத்த படிகளில் ஒன்றுக்குத் தாவும். பிடிமானம் அதிலும் உண்டு, ஆனால் சற்றுத் தாமதமாக வரும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸை இயந்திரக் கை இயக்குவது. இழுத்ததும் கிளட்ச் பிரிந்து சேரும் அந்த ஒரு கணத்தில் வண்டி பிடியே இல்லாமல் உருளும். அதனால் ஏஎம்டி-யில் இறக்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவது புத்திசாலித்தனம். பேடில் இல்லாத கார்களில் லீவரிலேயே கூட்டல், கழித்தல் இருக்கும், அல்லது எஸ், எல், 2 என்று எழுதியிருக்கும். வேலை ஒன்றுதான், கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே வித்தியாசம். குண்டும் குழியுமான வளைவில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சூட்டில் அளந்து பார்க்கலாம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். அது இழக்கும் ஆற்றல் சுமார் 64 லட்சம் ஜூல். மிதமான வேகத்தில் இறங்கினால் டயர் உருளலும் காற்றுத் தடையும் ஏறத்தாழக் கால்பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் மீதி முக்கால் பங்கும் பிரேக்கில் சூடாகத்தான் மாற வேண்டும். பதினைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. இன்னொரு கணக்கில், 60 கி.மீ. வேகத்தில் வரும் காரை இருபத்தைந்து முறைக்கு மேல் இடைவெளியில்லாமல் நிறுத்துவதற்குச் சமம். டிஸ்க் கடுமையாகச் சூடேறும், பேட் பொருளிலிருந்து ஆவி கிளம்பி உராய்வு குறையலாம், அப்போது கால் எத்தனை மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். கருகிய வாசனை வருவது அதற்கு முந்தின எச்சரிக்கை.

இதே இறக்கத்தில் இன்ஜின் எவ்வளவு சுமையை வாங்கிக்கொள்ளும்? நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சரிவில் அந்தக் காரை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலேயே பிடித்துவைக்க ஏறத்தாழ 6 கிலோவாட் சக்தியை எங்கேயாவது விட்டாக வேண்டும். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மூவாயிரம் சுற்றில் அந்த அளவை விழுங்கிவிடும். டி-யில் 1,300 சுற்றில் ஓடினால் அதில் பாதிகூட விழுங்காது. 'ஏறுன கியர்லயே எறங்கு' என்று லாரிக்காரர்கள் சொல்வது அனுபவம் போட்ட கணக்கு. காகிதத்தில் போட்டாலும் விடை அதை ஒட்டித்தான் வருகிறது.

பிரேக் ஆயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும், குமரியில் அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள மாவட்டத்தில் நான்கைந்து வருடம் மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சாகித் தரையைத் தொடும். ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடியைப் போடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

இத்தனையும் சொன்ன பிறகு அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்ஜின் பிரேக் வண்டியை நிறுத்தாது, வேகம் ஏறாமல் பிடித்துவைக்கும். வேகமாக வந்துவிட்டால் முதலில் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தை இறக்கி, பிறகு கியரைக் குறைத்து அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டும். மெல்லிய அழுத்தத்தில் பிரேக்கை நெடுநேரம் தடவுவதைவிட, அழுத்தமாக மிதித்துவிட்டுப் பிரேக்கை ஆறவிடுவது நல்லது. திடீரென்று எதிரே ஆள் வந்தால் பட்டையைத் தேடாதீர்கள், பிரேக் பெடல் மட்டும்தான். சில எஸ்யூவிகளில் இருக்கும் இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் வேறு சமாச்சாரம்: அது பெரும்பாலும் பிரேக்கையே தானாக விட்டுவிட்டு அமுக்குவது, ஆகவே சூடும் பிரேக்குக்குத்தான் போகும்.

மழையில் இன்னும் கவனம். தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் தோட்ட ரோடுகளில் பாசி பிடிக்கும். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலை உதிரும் காலத்தில் ஒரு சாரல் விழுந்தால் போதும், ரோடு முழுக்க வழுக்கும் பாய். அந்த ரோட்டில் இரண்டு கியரை ஒரேயடியாகக் குறைத்தால் இயக்கும் சக்கரங்கள் மட்டும் திடீரென்று மந்தமாகும். நம் கார்களில் பெரும்பாலும் அவை முன்சக்கரங்கள். ஸ்டீயரிங் திருப்பியிருக்கும்போது முன்சக்கரம் பிடியிழந்தால் கார் நேராகப் போய் ஓடையில் விழும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இதைத் தடுக்காது, அது நீங்கள் மிதிக்கும் பிரேக்கை மட்டும் கவனிப்பது. இன்ஜின் இழுப்பைச் சமாளிக்கும் வசதி நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள சில கார்களில்தான் உண்டு. எனவே ஈர ரோட்டில் வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே, ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்த பிறகு தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்குவது, ஈரத்தில் பிரேக்கை மிதிமிதியென்று மிதிப்பதைவிடப் பத்திரம். ரோட்டில் தேங்கிய வெள்ளத்தைக் கடந்து வந்து பிரேக் நனைந்திருக்கும் சில நிமிடங்களிலும் கியர்தான் துணை.

நம் ரோட்டில் நான் அதிகம் பயப்படுவது பின்னால் வருகிறவர்களை. இடது பட்டையை இழுத்து வேகம் குறையும்போது சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்காரருக்கோ, ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிக்காரருக்கோ உங்கள் கார் வேகம் இழப்பது தெரியவே தெரியாது. அதனால் கியரைக் குறைக்கும்போதே பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுவிடுங்கள். பின்கண்ணாடியைப் பார்க்காமல் பட்டையை இழுக்கக் கூடாது என்பதை எனக்கு நானே போட்டுக்கொண்ட விதியாக வைத்திருக்கிறேன்.

'இப்படி ஓட்டினால் இன்ஜின் கெடாதா' என்பது அடுத்த கேள்வி. ஆட்டோமேட்டிக்கில், அது அனுமதிக்கும் கியருக்குள் இருந்தால், கெடாது. மேனுவலில் கியரைக் குறைத்துவிட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால் கிளட்ச் தட்டு தேயும். பேட் மாற்றுவதைவிட அது பலமடங்கு செலவு. விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு இன்ஜின் சுற்றைச் சமன் செய்துகொண்டால் அந்தத் தேய்மானம் குறையும். பழைய இன்ஜினில் நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை வந்தால், உள்ளே உண்டான வெற்றிடம் வால்வு சீல் வழியாக ஆயிலை இழுத்திருக்கிறது என்று அர்த்தம். சீலின் வயது அது, இறக்கத்தின் தவறு இல்லை.

மின்சாரக் கார்களில் இதே பட்டைக்கு வேறு வேலை. நெக்ஸான் இவி போன்றவற்றில் பட்டையை இழுத்தால் கியர் குறையாது, மோட்டார் ஜெனரேட்டராக மாறும் அளவு கூடும். இறக்கத்தில் போகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. மேடும் பள்ளமுமான நம் மேற்குப் பகுதிக்கு இது அருமையான பொருத்தம். ஒரு எச்சரிக்கை: பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் திரும்ப வரும் மின்சாரத்தை வைக்க இடமிருக்காது, பிடிமானம் குறைந்துவிடும். கேரளத்துப் பொன்முடி மலை உச்சியில் இரவு தங்கி முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு காலையில் அந்த இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது இந்தக் காரணத்தால் நல்ல யோசனை இல்லை. கொஞ்சம் இடம் விட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பல ஹைப்ரிட் கார்களில் லீவரில் பி என்று ஒரு நிலை இருக்கும்; நீண்ட இறக்கத்துக்கு அதுதான்.

ஸ்கூட்டர்களுக்குப் பட்டை கிடையாது, ஆனாலும் இன்ஜின் பிடிமானம் கொஞ்சம் உண்டு. ஆக்சிலரேட்டரை மூடியதும் சற்றுப் பிடிக்கும். வேகம் குறைந்து இன்ஜின் சுற்று இறங்கியதும் கிளட்ச் தானாகப் பிரிந்து வண்டி திடீரென்று இலகுவாகி உருளும். அந்த நொடி செங்குத்தான இறக்கத்தில் வந்தால் தூக்கிவாரிப்போடும். இரண்டு பிரேக்கிலும் விரல் இருக்க வேண்டும்.

புதிதாக ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் தொடங்கி அடுத்த சிக்னலில் திரும்பி முடித்துக்கொள்ளாதீர்கள். நாகர்கோவில் ஷோரூம் என்றால் வில்லுக்குறிவரை, மார்த்தாண்டம் என்றால் குலசேகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் கேளுங்கள். குடும்பத்தோடு ஏறிக்கொள்ளுங்கள், எடை ஏறினால்தான் இறக்கம் தெரியும். டி-யில் காலை எடுத்தால் கார் தளர்ந்து ஓடுகிறதா, தானே பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இடது பட்டையை இழுத்து எத்தனை நொடியில் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் அந்த கியரில் நிற்கிறது என்று கவனியுங்கள். எம்-ல் போட்டும் ஒருமுறை இறங்குங்கள். ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பியிருக்கும்போது பட்டை விரலுக்கு எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில கார்களில் அது குட்டையாக இருக்கும். பட்டை இருக்கும் வகைக்கு அதிக விலை கேட்டால், லீவரில் கழித்தல் குறி உள்ள கீழ் வகையையும் அதே இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். தினமும் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண். அருமனைக்கு அப்பால் வீடு என்றால் நான் கொடுப்பேன்.